புகை போட்டால் போதுமா? பன்றிக்கறி பற்றி வாசகர் கேள்விகள்

பன்றிக்கறியை வீட்டிலேயே ஊறவைத்துப் புகை போடுவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. குடகு, கோவா, வடகிழக்கு என்று பல ஊர்களில் விருந்துக்கே இந்தக் கறிதான். நம் பக்கத்தில் சமைக்கிற வீடுகள் எவ்வளவோ இருந்தாலும் சந்தேகம் கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (கோவை வாசகி): தயிர், இஞ்சி பூண்டு, மசாலா எல்லாம் போட்டு இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் ஊறவைத்தேன். வெந்தபிறகு வெட்டிப் பார்த்தால் மேலே மட்டும் காரம், உள்ளே சப்பென்று இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் ஊறவேண்டும்?

பதில்: நான்கு நாள் வைத்தாலும் இதேதான் நடக்கும். மிளகாய், மல்லி, பூண்டு, தயிரின் புளிப்பு எதுவும் பெரிய கறித்துண்டுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஆழமாக உள்ளே போகக்கூடிய ஒரே ஆள் உப்புதான். உப்பு மெதுவாக இறங்கி, இறைச்சியின் புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது தண்ணீர் ஓடிவிடாமல் பிடித்துவைக்கிறது. ஆகவே உள்ளே ருசி வேண்டுமென்றால் மசாலாவைக் கூட்டாதீர்கள், உப்பைச் சரியான அளவில், சரியான நேரத்துக்கு முன்னால் போடுங்கள்.

அளவைக் கையால் பார்க்கவேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கறிக்கு 18 கிராம் உப்பு. கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் ஸ்பூன் கணக்கு ஒத்துவராது என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். சமையலறைத் தராசு இல்லாவிட்டால் தூள் உப்பில் மட்டமாக மூன்று தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கிலோ முன்னந்தொடைத் துண்டுக்கு நான் செய்வது இது. 36 கிராம் உப்பை முதல் நாள் சாயங்காலமே எல்லாப் பக்கமும் தேய்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள், வறுத்துப் பொடித்த மிளகு இரண்டு மேஜைக்கரண்டி, மல்லியும் சீரகமும் சேர்த்து இரண்டு, மிளகாய்த்தூள் ஒன்று, நாட்டுச்சர்க்கரை இரண்டு, நசுக்கிய பூண்டு ஒரு கைப்பிடி, மூன்று மேஜைக்கரண்டி காடி (வினிகர்). இதைத் தடவி இன்னொரு இரவு. இந்த மசாலாவில் இனி உப்பு கிடையாது, அது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

காடியையும் எலுமிச்சையையும் ரொம்ப ஊற்றி நாள்கணக்கில் வைத்தால் மேல்பகுதி வெந்ததுபோல வெளுத்து மாவாகிவிடும். பப்பாளிக்காயும் அப்படித்தான், மேலே கூழ், உள்ளே பழையபடி கறி. நீண்ட நேரம் புகையில் வேகப்போகிற துண்டுக்குப் பப்பாளி தேவையே இல்லை, அந்த வேலையை நேரமே செய்துவிடும்.

இன்னொன்று. அடுப்பில் ஏற்றுவதற்கு முன் தடிமனாக ஒட்டியிருக்கிற விழுதைக் கையால் வழித்துவிட்டு, துண்டை ஒரு கம்பித்தட்டில் வைத்து மூடாமல் ஃப்ரிட்ஜில் நான்கைந்து மணி நேரம் விடுங்கள். தொட்டால் விரலில் லேசாகப் பிசுபிசுவென்று ஒட்டவேண்டும், ஈரம் சொட்டக்கூடாது. அந்தப் பதத்தில்தான் புகை கறியில் பிடிக்கும். விழுது அப்பிக் கிடந்தால் புகையெல்லாம் விழுதோடு போய்விடும். பாத்திரத்தில் தங்கிய ஊறல் தண்ணீரை, பச்சைக்கறி கிடந்த தண்ணீர் என்பதால், கொதிக்கவைக்காமல் எதிலும் ஊற்றாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): கடையில் கேட்டால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித்தான் கட்டித் தருகிறார்கள். புகை போட எந்தப் பகுதியைக் கேட்டு வாங்கவேண்டும்?

பதில்: "வெட்டாம முழுசாக் குடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கத்தி இறங்கியபிறகு சொல்லிப் பயனில்லை. முன்னங்காலுக்கு மேலே தோள் பகுதி, எலும்போடு என்றால் இன்னும் நல்லது. அந்த மிருகம் நடந்து நடந்து உழைத்த தசை அது. அதனால் சவ்வும் உண்டு, நடுநடுவே கொழுப்பும் உண்டு. அந்தச் சவ்வு மெதுவான சூட்டில் கரைந்து பசையாகிக் கறியைப் பஞ்சாக்கிவிடும். அடுத்தது வயிற்றுக்கறி, தோலும் கொழுப்பும் கறியும் அடுக்கடுக்காக இருக்கும் பகுதி. விலா எலும்பும் அருமை. முதுகுத்தசையை மட்டும் விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக, கொழுப்பில்லாமல் இருக்கும், நான்கு மணி நேரப் புகைக்குப் பிறகு மரக்கட்டையாகிவிடும்.

பண்ணையில் தீவனம் கொடுத்து வளர்த்த வெண்பன்றிக் கறி கிடைக்கிற கடையைத் தேடிப் பிடியுங்கள். காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் 'தானுவாஸ் கேபிஎம் கோல்டு' என்ற கலப்பினத்தையே உருவாக்கியிருக்கிறது, பண்ணைக்காரர்கள் பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். குப்பைமேட்டில் மேய்ந்த பன்றி விலை குறைவு என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். வெட்டிய பரப்பில் அரிசி அரிசியாக, நீர் கோத்த வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அந்தக் கறியைத் தொடவே வேண்டாம், அது நாடாப்புழுவின் கூடு. கறி இளஞ்சிவப்பாக, கொழுப்பு வெள்ளை வெளேரென்று உறுதியாக, அமுக்கினால் திரும்ப எழும்புவதாக இருக்கவேண்டும்.

கேள்வி (ராமநாதபுரம் வாசகர்): எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் சீமைக்கருவேலம்தான். இதைப் புகைக்குப் பயன்படுத்தலாமா, விஷம் என்கிறார்களே? வேறு என்ன கட்டை போடலாம்?

பதில்: விஷமில்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 'மெஸ்கீட்' என்று கொண்டாடிக் கறி சுடுகிறார்களே, அது நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி மரம். ஹவாய்த் தீவுகளில் 'கியாவே' என்று ஒரு மரத்தில் கறி சுடுவார்கள், அதுவும் இதே குடும்பம். நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலத்தையும் இந்த மரம் என்ன பாடு படுத்துகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, வெட்டி எரிக்கிற ஒவ்வொரு கட்டையும் நல்லதுதான்.

ஆனால் பயன்படுத்துகிற விதம் இருக்கிறது. கட்டையாகப் போட்டால் இதன் புகை மிகவும் காட்டமானது, ஆறு மணி நேரம் அதிலேயே கிடந்தால் கறி கசந்துவிடும். உங்கள் ராமநாதபுரத்திலும் பக்கத்துச் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலும் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்களே, அந்தக் கரிதான் வேண்டும். கட்டையை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடி, காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் புகையவிட்டு எடுத்த கரியில் காட்டமெல்லாம் போயிருக்கும், சூடு மட்டும் நின்று நிதானமாக வரும். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வருகிற கரியாகப் பொறுக்கி எடுங்கள். மந்தமாகச் சத்தம் வந்து, உடைத்தால் உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தால் அது சரியாக வேகாத கரி, கண்ணெரிச்சல் கொடுக்கும்.

சூட்டுக்கு இந்தக் கரி, வாசனைக்குக் கொய்யாக்கட்டை. என் முதல் தேர்வு எப்போதும் கொய்யாதான். புகை மென்மையாக, லேசான இனிப்போடு இருக்கும், ஹவாயிலும் கொய்யாவில் புகை போடுகிற வழக்கம் உண்டு. கவாத்துச் செய்யும்போது விழுகிற கிளைகளைக் கட்டைவிரல் தடிமனில் நறுக்கி நிழலில் சில மாதம் காயவிட்டால் போதும். பலாவும் நன்றாக இருக்கும். மாங்கட்டையும் பலர் போடுகிறார்கள், மாம்பால் பட்டால் கை கொப்பளிக்கிறவர்கள் அந்தப் புகையையும் தவிர்ப்பது நல்லது. கொட்டாங்குச்சி சூடு அதிகம், சட்டென்று பற்றி எரிந்து தீரும், அதனால் கரி பற்றவைக்க ஏற்றது. புளியங்கட்டை நின்று எரியும், விறகுக்கடையில் கேட்டால் கிடைக்கும்.

அரளியின் ஒரு குச்சிகூட நெருப்பில் விழக்கூடாது, அதன் புகையே விஷம். வேம்பு கசக்கும். தைல மரமும் பைன் மரமும் எண்ணெய்யும் பிசினும் உள்ளவை, கறியில் மருந்து வாசம் அடிக்கும். பார்சல் பெட்டி, பழைய ஜன்னல், பிளைவுட் என்று வீட்டில் கிடப்பதை எடுத்துப் போடாதீர்கள், பெயின்ட்டும் பசையும் பூச்சிமருந்தும் கறிக்குள் வரும்.

கேள்வி (மதுரை வாசகர்): மொட்டைமாடியில் மூடி போட்ட கிரில்லில் செய்தேன். புகை நிறைய வரட்டும் என்று கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். கறி கறுத்து, நாக்கில் ஒரு மாதிரி கசந்து மரத்துப்போனது. ஏன்?

பதில்: கொழுகொழுவென்று வெள்ளையாக வருகிற புகைதான் காரணம். கட்டை ஒழுங்காக எரியாமல் புழுங்கும்போது அப்படித்தான் வரும், அதில் இருக்கிற தார் கறியில் படிந்து கசக்கிறது. ஈரக்கட்டை போட்டால் முதலில் தண்ணீர் ஆவியாகிறவரை வெறும் நீராவிதான், அப்புறம் புழுங்கல் புகை. காய்ந்த கட்டையே போடுங்கள், அதுவும் ஒரு தடவைக்கு உள்ளங்கையளவு ஒன்றிரண்டு துண்டு மட்டும். மூடியின் துளையிலிருந்து வருகிற புகை மெல்லியதாக, வெயிலில் பார்த்தால் நீலம் ஓடினாற்போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுமளவுக்கு இருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

நெருப்பு வைக்கிற முறையும் முக்கியம். தணலை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மறுபக்கம் கீழே ஒரு தட்டில் தண்ணீர், அதற்கு மேலே கறி. மூடியின் காற்றுத்துளை கறிக்கு நேர் மேலே வரும்படி திருப்பி வையுங்கள், அப்போதுதான் புகை கறியைத் தாண்டி வெளியே போகும். மேல்துளையை எப்போதும் முழுக்க அடைக்காதீர்கள், சூட்டைக் குறைக்கவேண்டுமானால் கீழ்த்துளையைக் குறுக்குங்கள். கறி இருக்கிற இடத்தில் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ். மூடியில் பதித்து வருகிற மீட்டரை நம்பவேண்டாம், அது மேலே இருக்கிற சூட்டைக் காட்டும், கறியோ கீழே இருக்கிறது. கரி ஒவ்வொரு தடவை போடும்போதும் வெளியில் தனியாகப் பற்றவைத்து, மேலே சாம்பல் பூத்த பிறகு சேர்த்தால் வெள்ளைப்புகையே வராது. கறியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி, அது மறுபடி ஏறுவதற்கு நேரம் பிடிக்கும்.

பழைய டிரம்மை வெட்டி அடுப்பு செய்கிறவர்கள், துத்தநாகம் பூசிய தகரத்தைத் தவிர்த்துவிடுங்கள், சூட்டில் துத்தநாகப் புகை வரும். ரசாயனம் வந்த டிரம்மும் வேண்டாம்.

கேள்வி (திருச்சி வாசகி): கறிக்குள் குத்திவைத்த தெர்மாமீட்டர் 70 டிகிரி வரை மளமளவென்று ஏறியது. அதன்பிறகு இரண்டு மணி நேரம் நகரவே இல்லை. பயந்துபோய் நெருப்பைக் கூட்டி எடுத்துவிட்டேன், கறி ரப்பராக இருந்தது.

பதில்: உங்கள் அடுப்பில் கோளாறில்லை. கறியிலிருந்து வியர்த்து வெளியேறுகிற தண்ணீர் ஆவியாகிறபோது கறியைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதத்தில்தான். நெருப்பு கொடுக்கிற சூடும் ஆவி எடுத்துக்கொண்டு போகிற சூடும் சரிக்குச் சரியாக நிற்பதால் முள் நகராது. 65லிருந்து 75 டிகிரிக்குள் எங்கே வேண்டுமானாலும் இது நடக்கும். அந்த நேரத்தில்தான் சவ்வு கரையத் தொடங்குகிறது, அதனால் அவசரப்படுவது அநியாயம்.

நேரமில்லை என்றால் பொதிந்துவிடலாம். மேல்பக்கம் நல்ல செம்பழுப்பு நிறம் வந்திருந்தால் அதற்கு மேல் புகை பிடிக்கவேண்டியதில்லை. தணலில் வாட்டிய வாழை இலையை இரண்டடுக்காக விரித்து, கறியை வைத்து இறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாளால் கட்டி மறுபடி ஏற்றுங்கள். ஆவி வெளியேற வழியில்லாததால் சூடு ஏறத் தொடங்கிவிடும், வாட்டிய இலையின் மணமும் கறியில் இறங்கும். வெறும் அலுமினியத் தாளைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். உள்சூடு 92லிருந்து 95க்கு வரும்போது ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி தடையில்லாமல் இறங்கவேண்டும். இரண்டு கிலோத் துண்டுக்கு மொத்தம் ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகலாம், கடிகாரத்தைவிடக் கம்பி சொல்வதை நம்புங்கள். எடுத்ததும் வெட்டாமல், பொதிந்தபடியே ஒரு மணி நேரம் பழைய துண்டில் சுற்றி ஹாட்பாக்ஸிலோ மூடிய பாத்திரத்திலோ வையுங்கள். பிரிக்கும்போது எலும்பு தானாகக் கழன்று வரும், இலையில் தேங்கியிருக்கிற சாற்றை ஒரு சொட்டு விடாமல் பிய்த்த கறியிலேயே ஊற்றிப் பிசிறிவிடுங்கள்.

கேள்வி (சென்னை வாசகி): நான்காவது மாடி ஃப்ளாட். பால்கனியில் கரி பற்றவைத்தால் பக்கத்து வீட்டில் சண்டை. கேஸ் அடுப்பில் புகை போட வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் வீட்டுக்குள் கரியைப் பற்றவைக்கவே கூடாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும்.

சீனர்கள் வாத்துக்குச் செய்கிற தேயிலைப் புகைதான் உங்களுக்கு ஏற்றது. இதில் புகை வாசனைக்கு மட்டும், வேகவைப்பது தனி. ஒரு கிலோ வயிற்றுக்கறியை முன்சொன்ன கணக்கில் உப்புப் போட்டு ஓரிரவு வைத்து, மறுநாள் இட்லிக் குண்டானில் முழுத்துண்டாக ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள், குத்தினால் கம்பி இறங்கவேண்டும். வெளியே எடுத்து ஈரம் போகத் துடைத்து, ஃபேனுக்கடியில் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள்.

இப்போது கனமான இரும்புக் கடாய். நான்ஸ்டிக் வேண்டாம், அதிகச் சூட்டில் அந்தப் பூச்சே புகையும். உள்ளே அலுமினியத் தாளை இரண்டாக மடித்து விரித்து, பச்சரிசி, தேயிலை, வெல்லத்தூள் மூன்றையும் இரண்டிரண்டு மேஜைக்கரண்டி கலந்து பரப்புங்கள். ஒரு பட்டையும் நான்கு கிராம்பும் சேர்க்கலாம். மேலே ஒரு வட்டக் கம்பித்தட்டு, அதில் கறி, தோல் மேல்பக்கமாக. அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் சில நிமிடத்தில் முதலில் பாகு வாசம் வரும், பிறகு ஓரத்திலிருந்து மஞ்சளாகப் புகை கிளம்பும். அந்த நொடியில் மூடிபோட்டு, பிரியாணிக்குத் தம் போடுகிறபடி விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்து, தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம். அணைத்தபிறகும் பத்து நிமிடம் திறக்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஓடட்டும். திறந்தால் தோல் நல்ல செம்பு நிறத்தில் மினுமினுக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் வெல்லம் கருகிக் கசக்கும், அதிகம் போட்டு அதிக நேரம் வைப்பதால் கூடுதல் ருசி வராது.

நெருப்புத் துண்டில் நெய் ஊற்றிக் கிண்ணத்தில் வைத்து மூடுகிற வழக்கமும் இருக்கிறது, அது கிரேவிக்கு ஒரு வாசம் கொடுக்கும், அவ்வளவுதான்.

கேள்வி (ஓசூர் வாசகர்): நன்றாகத்தான் வெந்தது, ஆனால் வெட்டினால் ஓரத்தில் விரலளவு ரோஸ் நிறம். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, மூளையில் புழு வரும் என்று பயம். தூக்கிப் போட்டுவிட்டோம்.

பதில்: மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, நல்ல கறியைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். எரியும் கட்டையிலிருந்தும் கரியிலிருந்தும் வருகிற நைட்ரிக் ஆக்சைடு, இறைச்சியின் சிவப்பு நிறமியோடு சேர்ந்து அந்த ரோஸ் வளையத்தை உண்டாக்குகிறது. நன்றாகப் புகை பிடித்ததற்கு அதை அடையாளமாகவே சொல்வார்கள். கறி வெந்ததா இல்லையா என்பதை நிறம் சொல்லாது, தெர்மாமீட்டர்தான் சொல்லும். அமெரிக்க விவசாயத்துறை முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு 63 டிகிரியும் பிறகு மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று 2011இல் விதியைத் தளர்த்தியது, கொத்துக்கறிக்கு 71. நம் ஊர்க் கடையில் வாங்குகிற கறிக்கு, எந்தத் துண்டானாலும் 71 தொடட்டும் என்பேன். தோள்கறியை நாம் 90க்கு மேல் கொண்டுபோவதால் அங்கே பேச்சே இல்லை.

புழு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பயத்தில் பாதி தவறான இடத்தில் இருக்கிறது. கூடுகள் உள்ள கறியைச் சரியாக வேகாமல் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டியாகி வலிப்பு வருவது அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவதால். அந்த முட்டை வருவது, குடலில் புழு இருக்கிற மனிதரின் மலம் கலந்த தண்ணீர், கழுவாத பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக. பன்றியே சாப்பிடாத வீட்டிலும் இந்த நோய் வருவது அதனால்தான். கறியை முழுக்க வேகவையுங்கள், கையையும் கீரையையும் நன்றாகக் கழுவுங்கள். பச்சைக்கறி வெட்டிய பலகையிலேயே வெந்த கறியையும் வெட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி (கூடலூர் வாசகர்): நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே கறியைத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுகிறார்களாம். எங்களுடையதும் குளிர்ப்பிரதேசம்தான், விறகடுப்பும் இருக்கிறது. நாங்களும் அப்படிச் செய்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழையே ஒதுக்கினேன் என்று சொல்லலாம். புகை போட்டுவிட்டால் கறி கெடாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. புகை கறியின் மேல்பரப்பை மட்டும் ஓரளவு காக்கும். உண்மையில் காப்பது உப்பும், ஈரம் வற்றக் காயவைப்பதும், கடைசியாக அடுப்புச் சூடும்.

நாகா வீடுகளில் சமையலறை நடுவே எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கிற அடுப்பு, அதற்கு மேலே பரண். கறி பட்டையாக வெட்டப்பட்டு நாள்கணக்கில், வாரக்கணக்கில் அந்தச் சூட்டிலும் புகையிலும் தொங்கி, தண்ணீர் வற்றிக் கறுத்து இறுகிவிடுகிறது. சாப்பிடுவதற்கு முன் அதைக் கழுவி நெடுநேரம் கொதிக்கவைத்துத்தான் சமைக்கிறார்கள். மிசோரத்தில் 'வாக்சா ரெப்' என்பதும் இதே வகைதான். மாசிக் கருவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் கல்லாகும்வரை காயவைத்தால்தான் அது கெடாமல் நிற்கிறது, புகை அதில் ஒரு படி மட்டும். நம் உப்புக்கண்டத்தில் புகையே கிடையாது, உப்பும் வெயிலும்தான். அந்தப் பரணும் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கமும் இல்லாமல் அரைகுறைச் சூட்டில் நாலு நாள் கறியைத் தொங்கவிட்டால், வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் நிற்கும். பாட்டுலிசம் என்ற கொடிய நோய்க்கான நஞ்சை உண்டாக்குகிற கிருமிக்கு அதுதான் பிடித்த இடம், காற்றில்லாத ஈரமும் வெதுவெதுப்பும். வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம்.

பேக்கன் மாதிரி மெதுவாக, குறைந்த சூட்டில் புகை போட்டே தீரவேண்டுமென்றால் நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பு வேண்டும். 'பிராக் பவுடர் நம்பர் 1' என்று விற்கிறார்கள். அதில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், மீதி சாதாரண உப்பு. ஒரு கிலோ கறிக்கு 2.5 கிராம், அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூடக் கூடாது, அளவு மீறினால் நைட்ரைட்டே நஞ்சு. மில்லிகிராம் காட்டுகிற சின்னத் தராசு இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். இந்த உப்புக்கு அடையாளத்துக்காக ரோஸ் சாயம் போட்டிருப்பார்கள். இந்துப்பும் ரோஸ் நிறம்தான், இரண்டும் வேறு வேறு. இந்துப்புக்குக் காக்கும் சக்தி கிடையாது, பதப்படுத்தும் உப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தால் உயிருக்கே ஆபத்து, தனி டப்பாவில் பெயர் எழுதிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நாட்டுமருந்துக் கடை வெடியுப்பும் இதற்கு மாற்று இல்லை.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் செய்கிற குளிர்ப்புகை முறை 30 டிகிரிக்குக் கீழேயே நடக்கவேண்டியது. சமவெளியில் நிழலிலேயே அந்தச் சூட்டைத் தாண்டிவிடுகிறோம். கூடலூரில் குளிர் இருந்தாலும் மழைக்காலத்து ஈரக்காற்று கறியைக் காயவிடாது. நீங்கள் சூட்டுப்புகையில் முழுக்க வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாள் இருக்கும். ஃப்ரீசரில் என்றால் இரண்டு மாதம் ருசி மாறாது.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): எங்கட பக்கம் பண்டி இறைச்சிக்குக் கொறுக்காய்ப்புளி போடுறது வழக்கம். புகை போடுற இறைச்சிக்கும் அதைப் போடலாமோ?

பதில்: கட்டாயம் போடுங்கள், நம் பக்கத்தில் குடம்புளி என்கிறோமே, அதைவிடப் பொருத்தமான புளி கிடையாது. குடகில் 'பந்தி' என்கிற பன்றிக்கறிக்கு ஊற்றுகிற கறுத்த 'கச்சம்புளி'யும் அதே வகை மரத்தின் பழச்சாற்றைக் காய்ச்சி இறுக்கியதுதான். கோவாக்காரர்கள் அந்த இடத்தில் தென்னங்கள் காடியை வைத்து விந்தாலு செய்கிறார்கள். கொறுக்காயை வெந்நீரில் ஊறப்போட்டு அரைத்து, மிளகோடும் வறுத்த மல்லியோடும் கலந்து, புகையில் வைத்து மூன்றாவது மணி நேரத்தில் பூசுங்கள். முதல் நாளே பூசினால் மேல்பக்கம் இறுகிவிடும். மூன்றாவது மணியில் பூசினால் கருமை ஏறிப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு திகட்டாமல் இருப்பதற்கு அந்தப் புளிப்பு வேண்டும்.

கேள்வி (தென்காசி வாசகர்): காட்டுப்பன்றிக் கறி கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். புகைக்கு அதுதான் ருசி என்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். பரிசோதனை இல்லாத கறி என்பதால் புழு ஆபத்தும் கூடுதல்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): புகை போட்ட கறி மீந்துவிட்டது. சூடு பண்ணினால் வறண்டுபோகிறது. எப்படிச் சாப்பிடுவது?

பதில்: மறுபடி எண்ணெய் ஊற்றி வறுக்காதீர்கள், அதிலேயே கொழுப்பு இருக்கிறது. கொழுப்புத் துண்டுகளை முதலில் கடாயில் போட்டுச் சிறுதீயில் உருகவிட்டு, அதில் உரித்த சின்ன வெங்காயம் முழுசாக, கறிவேப்பிலை, இடித்த மிளகு. வெங்காயம் கண்ணாடியானதும் பிய்த்த கறியையும் அரைக் கிண்ணம் தண்ணீரையும் சேர்த்து மூடி, ஆவி முழுக்க ஏறிக் கொதித்ததும் திறந்து பிரட்டி இறக்குங்கள். உப்பு பார்த்துப் போடுங்கள், கறியில் ஏற்கெனவே இருக்கிறது. நாகா வீடுகளில் எண்ணெயே இல்லாமல் மூங்கில் குருத்து, காரமான ராஜா மிளகாய், இஞ்சியோடு வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சோற்றுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். மூங்கில் குருத்து கிடைக்காவிட்டால் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு அதே மாதிரி செய்துபாருங்கள், குழம்பு தெளிவாக, புகை மணத்தோடு வரும். எலும்பு இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் கொள்ளு வேகவைக்கிற தண்ணீரில் சேர்த்துவிடுங்கள், அந்த ரசத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை.